சாயம் அடிப்பதற்கு முன் எடுத்த படங்கள்

எங்கள் சுவரில் இருந்த வெடிப்பை மறைக்கத்தான் நீங்கள் எங்களுக்குச் சாயம் வாங்கிக் கொடுத்தீர்கள். தலைவரே, இதை நான் உங்கள் முகத்துக்கு நேராகவே சொன்னேன். நீங்கள் சிரித்தீர்கள். அதனால் இப்போது எழுதுகிறேன்.

படிப்பவர்களுக்கு இவர் யார் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் குடியிருப்புக்கும் எங்கள் கோயிலுக்கும் இவர்தான் தலைவர். பெயர் எழுதப்போவதில்லை. எங்கள் ஆட்களுக்கு யார் என்று தெரியும், மற்றவர்களுக்குத் தெரிந்து ஒன்றும் ஆகப்போவதில்லை. உண்மையில் நான் எழுத நினைத்தது படம் எடுப்பதைப் பற்றி. வீட்டில் இருக்கும்போது, சும்மா, கையில் இருக்கும் போனில் படம் எடுப்பது நல்ல பழக்கம் என்று நாலு பேருக்குச் சொல்ல ஆசைப்பட்டேன். அதைச் சொல்ல ஆரம்பித்தால் இந்த மனிதரும் வந்து நிற்கிறார். அவரை விட்டுவிட்டு எழுத முடியவில்லை.

மலேசியாவில், ஈப்போவிலிருந்து பத்து காஜா என்ற ஊருக்குப் போகும் பக்கம் ஒரு பழைய ரப்பர் தோட்டத்தின் ஓரத்தில் நாங்கள் இருக்கிறோம். தோட்டம் இப்போது பேரில்தான் இருக்கிறது. பால்மரத்தை வெட்டி எண்ணெய்க்காகச் செம்பனை போட்டார்கள். பிறகு செம்பனையையும் வெட்டி நிலத்தை விற்றார்கள். லயத்தில், தோட்டத்துக் கூலி வீடுகளில், இருந்தவர்களுக்கு ஓரமாக ஒரு வரிசை வீடு கட்டிக் கொடுத்தார்கள். ஒன்றோடு ஒன்று ஒட்டிய வீடுகள். என் வீட்டுப் பின்கதவைத் திறந்தால் ஒரு சந்து, ஒரு சாக்கடை, ஒரு கம்பி வேலி. வேலிக்கு அந்தப் பக்கம், அந்தக் காலத்தில் ஈயம் தோண்டிய பெரிய குட்டை. பச்சைத் தண்ணீர். எவ்வளவு ஆழம் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய தேவையும் வந்ததில்லை.

நான் ஈப்போவில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்தவள். நின்றுகொண்டே செய்யும் வேலை. ஒருநாள் முதுகு பிடித்துக்கொண்டது, பிறகு விடவே இல்லை. பத்து காஜா மருத்துவமனையில் படம் பிடித்துப் பார்த்துவிட்டு, பாரம் தூக்காதே, ரொம்ப நேரம் நிற்காதே என்றார்கள். பாரம் தூக்காத, நிற்காத ஆளைத் தொழிற்சாலை என்ன செய்யும்? வீட்டுக்கு அனுப்பிவிட்டது.

எனக்குச் சும்மா உட்காரத் தெரியாது. உட்கார்ந்தால் கோபம் வரும். கணவரைத் திட்டினேன். மீன்காரனைத் திட்டினேன். தொலைக்காட்சியில் வரும் ஆட்களைத் திட்டினேன். காம்பார் நகரில் வேலை செய்யும் என் மகள் ஒருநாள் வந்து தன் பழைய போனை என் மடியில் வைத்தாள்.

“அம்மா, நாள் பூரா யாரையாவது ஏசிக்கிட்டே இருக்காதீங்க லா. எதையாவது படம் எடுங்க.”

“எதை எடுக்கிறது? இங்க என்ன இருக்கு?”

“இருக்கிறத எடுங்க.”

முதல் படம், கொடியில் காய்ந்த கைலி. வெயில் அதன் பின்னால் இருந்தது. துணியில் இருந்த கட்டங்கள் விளக்குப் போட்டதுபோல் தெரிந்தன. அந்தக் கைலியை நான் எத்தனையோ தடவை துவைத்துப் பிழிந்திருக்கிறேன், அதில் அப்படி ஒரு நிறம் இருப்பதைப் பார்த்ததில்லை. அன்றைக்குச் சாப்பாடு பதினைந்து நிமிடம் தள்ளிப் போனது. கணவர் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பிறகு தினமும் எடுத்தேன். யாரும் சொல்லித் தரவில்லை, எடுத்து எடுத்துத் தெரிந்துகொண்டேன். உச்சி வெயிலில் எடுத்தால் படம் செத்துப் போகிறது. காலையில் பின்கதவு வழியாகச் சாய்வாக வெளிச்சம் வரும்போது பழைய அலுமினியச் சட்டிகூட உயிரோடு இருக்கிறது. போன் கண்ணாடியைச் சட்டை முனையால் துடைக்க வேண்டும். எண்ணெய்க் கை பட்டிருந்தால் எல்லாம் பனி மூடியதுபோல் வரும். கிட்டே போக வேண்டும். அவசரப்படக் கூடாது. பூனை திரும்பும் வரை காத்திருக்க வேண்டும், பூனைக்கு உத்தரவு போட முடியாது. அப்படிக் காத்திருக்கும் நேரத்தில் முதுகு வலி ஞாபகத்துக்கு வரவில்லை. இது உண்மை. மாத்திரை செய்யாததை அந்தப் பூனை செய்தது.

என் கணவர் ஒரு கிடங்கில் ஜாகா வேலை, காவல் வேலை பார்க்கிறார். பகலில் வீட்டில் இருப்பார். நான் போனோடு சுவர் முன்னால் நிற்பதைப் பார்த்தால் அவருக்கு வாய் சும்மா இருக்காது.

“என்னாடி எடுக்கிற?”

“சுவரு.”

“நேத்தும் சுவருதானே எடுத்த?”

“நேத்து வெயில் வேற.”

“சுவருக்கு இன்னைக்கு என்னா, கல்யாணமா? இத்தன வருஷமா நானும் இந்த வீட்டுலதான் இருக்கேன். என்னைய ஒரு தடவ எடுத்தியா?”

“நீங்க ஆடிக்கிட்டே இருக்கீங்க. சுவரு ஆடாம நிக்குது.”

அப்போது அப்படித்தான் நினைத்தேன்.

பக்கத்து வீட்டில் ஓர் அக்கா. காலையில் வடை சுட்டு ரோட்டோரத்தில் விற்பார். மாவு பிசையும் அவர் கையை ஒருநாள் எடுத்தேன். “கைய எதுக்குலா எடுக்கிற, கறுப்பா கெடக்கு. மூஞ்சிய எடு, பவுடர் போட்டுக்கிட்டு வாரேன்” என்றார். போனைக் காட்டினேன். மாவு ஒட்டிய விரல்கள், மேலே காலை வெளிச்சம். ரொம்ப நேரம் பார்த்தார். “இத என் மவனுக்கு அனுப்பிவிடு” என்றார். மகன் பாரிட் புந்தாரில் இருக்கிறான். அந்த ஆண்டின் தொடக்கத்தில்தான் அக்காவின் கணவர் இறந்திருந்தார். அதன்பிறகு அவர் முகத்தில் நான் பார்த்த முதல் சந்தோஷம் அதுதான். படம் எடுப்பதில் இப்படியும் ஒரு நன்மை இருக்கிறது.

ஆனால் இன்னொன்றும் இருக்கிறது. ஒரே பொருளைத் திரும்பத் திரும்ப எடுத்தால், அது மாறும்போது நமக்குத் தெரிந்துவிடுகிறது. தெரிந்தபிறகு தெரியாததுபோல் இருக்க முடியாது.

எங்கள் சமையலறைச் சுவரில் சாமிப் படங்களுக்கு ஒரு பலகை அடித்திருக்கிறோம். அதில் ஒரு கண்ணாடி விளக்கு. ஒரு காலையில் எண்ணெயில் வெளிச்சம் விழுந்து தங்கம் மாதிரி இருந்தது. எடுத்தேன். படத்தில் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. கணவர் பார்த்துவிட்டு, “கோணலா புடிச்சிருக்க. கண்ண செக் பண்ணு போய்” என்றார். மறுநாளும் எடுத்தேன். அதே சாய்வு. மகளைக் கூப்பிட்டுக் கேட்டேன். திரையில் குறுக்கும் நெடுக்கும் கோடு வரவைக்க ஒரு வழி இருக்கிறது, அந்தக் கோட்டை வைத்து நேராகப் பிடியுங்கள் என்று சொல்லிக் கொடுத்தாள்.

கோட்டை வரவைத்தேன். விளக்கில் இருந்த எண்ணெய், படுக்கைக் கோட்டோடு சரியாகப் பொருந்தியது. எண்ணெய் எப்போதும் தன் மட்டத்தில்தான் நிற்கும். ஆனால் பலகை பொருந்தவில்லை. விளக்கின் ஒரு பக்கம் எண்ணெய் விளிம்பைத் தொட்டது, மறுபக்கம் கண்ணாடி வெறுமையாக இருந்தது. கதவு நிலையை எடுத்துப் பார்த்தேன். அதுவும் கோட்டைவிட்டு விலகி நின்றது. போனில் பழைய படங்களைத் தேடி, அதே கதவை நான் முதன்முதலில் எடுத்த படத்தைத் திறந்தேன். அதில் கதவு நேராக இருந்தது.

நான் போனைக் கோணலாகப் பிடிக்கவில்லை. வீடு பின்பக்கமாகச் சாய்ந்துகொண்டிருந்தது. குட்டையைப் பார்த்து.

இரண்டு படத்தையும் கணவரிடம் காட்டினேன். அவர் ஒன்றும் கிண்டல் செய்யவில்லை. எழுந்து போய் ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்துச் சமையலறைத் தரையில் வைத்தார். அது கொஞ்சம் யோசித்ததுபோல் நின்றது. பிறகு மெதுவாக உருண்டு பின்கதவில் முட்டியது. அவர் அதை எடுத்துப் பழையபடி கூடையில் போட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பினார்.

குட்டையை அப்போது இறைத்துக்கொண்டிருந்தார்கள். நிலத்தை வாங்கியவர்கள் அங்கே புதுத் தாமான், புது வீட்டுக் குடியிருப்பு, கட்டப்போகிறார்கள். தண்ணீரை எடுத்துவிட்டு மண் கொட்டி மூடுவது திட்டம். வேலிக்கு அந்தப் பக்கம் பெரிய பம்பு வைத்து, ஆள் தொடை பருமனில் குழாய் போட்டிருந்தார்கள். காலையிலிருந்து அதன் உறுமல். கொஞ்ச நாளில் காதுக்குப் பழகிவிட்டது. அதுதான் பயமாக இருந்தது, அது பழகிப் போனது. பம்பு நின்றால்தான் என்ன சத்தம் என்று திரும்பிப் பார்த்தோம்.

குட்டையில் கொக்கு வரும். அதையும் எடுத்து வைத்திருந்தேன். முதல் படத்தில் கொக்கு நிற்கும் கல்தூண் பாதி தண்ணீரில். அடுத்தடுத்த படங்களில் தூண் வளர்கிறது. கடைசியில் தூணின் அடி வரை தெரிகிறது, சுற்றிலும் சேறு, கொக்கு இல்லை. இந்தப் பக்கம், தண்ணீர் இறங்க இறங்க என் சமையலறைச் சுவரில் ஒரு வெடிப்பு ஏறியது. தரையிலிருந்து தொடங்கி ஜன்னல் வரை. காலை வெளிச்சத்தில் அதைப் பார்த்தால் மேலிருந்து பார்க்கும் ஆறு மாதிரி இருக்கும். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அழகாக இருந்தது. அழகுக்காகத்தான் அதை அத்தனை தடவை எடுத்தேன். கிட்டே வைத்து, எட்ட வைத்து, பக்கத்தில் ஒரு கரண்டியைச் சாத்தி வைத்து.

தேநீர்க் கடையில் தலைவரைப் பார்த்தபோது சொன்னேன்.

“அண்ணே, பின்னால தண்ணி எறைக்க எறைக்க எங்க சுவரு வெடிக்குது.”

“தங்கச்சி, பழைய வீடு லா. எனக்கும்தான் வெடிக்குது, முட்டி.”

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

“முட்டிக்கு எண்ணெய் போடுங்க அண்ணே. சுவருக்கு என்னா போடுறது?”

“சாயம் அடி. தீபாவளி வருதுல்ல? நானே எல்லாருக்கும் வாங்கித் தாரேன்.”

இதை நான் விளக்க வேண்டும். எங்கள் வரிசையில் தீபாவளிக்கு முன் எல்லா வீட்டுக்கும் சாயம் அடிப்போம். கையில் எவ்வளவு நெருக்கடி இருந்தாலும் முன்பக்கமாவது அடித்துவிடுவோம். வெடிப்பு இருந்தால் சிமெண்டோ சுவர்ப்பூச்சு மாவோ வைத்து அடைத்து, தேய்த்து, மேலே சாயம். தீபாவளியன்று எங்கள் சுவர்களைப் பார்த்தால் நேற்றுக் கட்டிய வீடு என்றுதான் சொல்வார்கள். அந்த ஆண்டு இறப்பு நடந்த வீடு மட்டும் அடிக்காது. அந்த வீட்டில் தீபாவளி கிடையாது, பலகாரம் கிடையாது, சாயமும் கிடையாது. வெளியாட்களுக்கு இது தெரியாது. தலைவருக்குத் தெரியும். அவரும் லயத்தில் பிறந்தவர்தான்.

சொன்னபடி சாயம் வந்தது. ஒரு லாரியில், வாளி வாளியாக, எல்லாம் ஒரே இளநீலம். தலைவர் வீடு வீடாக வந்து கொடுத்தார். கொடுக்கும்போது படம் எடுக்க வேண்டும் என்றார். எங்கள் வரிசையில் படம் எடுக்கிறவள் நான் என்று எல்லோருக்கும் தெரியும், என்னையே எடுக்கச் சொன்னார். என் வீட்டில் வெளிச்சம் நன்றாக வரும் இடம் பின்கதவுதான். அவரைச் சமையலறையில் நிற்க வைத்தேன்.

“மூஞ்சி நல்லா தெரியணும் தங்கச்சி.”

“கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க அண்ணே. வாளிய எறக்குங்க, தொந்திய மறைக்கட்டும்.”

“ஏய், வாய குறை லா.”

நகர்ந்தபோது அவர் கை சுவரில் பட்டது. திரும்பிப் பார்த்தார். வெடிப்பில் விரலை விட்டார். முதல் கணு வரை உள்ளே போனது. “என்னாலா இது, பல்லி குடும்பமே குடியிருக்கும் போலிருக்கே” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் முகம் நன்றாக வந்தது. அழுத்திவிட்டேன்.

அன்று எடுத்த படங்களை எல்லாம் அவருக்கு அனுப்பினேன். அவர் அதில் நல்லதாகப் பார்த்து, தன் கையாலேயே குடியிருப்பின் போன் குழுவில் போட்டார். விரல் வெடிப்பில் இருக்கும் படமும் அதில் ஒன்று. முகம் நன்றாக வந்த படம் அல்லவா.

தீபாவளி முடிந்த அதே வாரம், வீடுகளைப் பார்க்க ஒரு பொறியாளர் வந்தார். குட்டையை இறைப்பதால் பக்கத்து வீடுகளுக்குப் பாதிப்பு உண்டா என்று பார்த்து எழுத வேண்டியது அவர் வேலை. சின்ன வயது மலாய்க்காரர். மரியாதையானவர். வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார், கொடுத்த முறுக்கைச் சாப்பிட்டார், சுவரைத் தட்டிப் பார்த்தார். சாய வாடை இன்னும் போகவில்லை. வீட்டை நன்றாக வைத்திருக்கிறீர்கள் ஆன்ட்டி என்று மலாயில் சொன்னார். கூடவே நின்ற தலைவர், ஆமாம், எங்கள் ஆட்கள் வீட்டை அப்படித்தான் பார்த்துக்கொள்வார்கள் என்றார்.

சாயத்துக்கு அடியில் வெடிப்பு இருக்கிறது, என்னிடம் படம் இருக்கிறது என்று நான் மலாயில் ஆரம்பித்தேன். தலைவர் தமிழில் குறுக்கே வந்தார்.

“தங்கச்சி, தம்பிக்கு அந்த அதிரசத்த முதல்ல கொண்டு வாயேன். அப்புறம் பேசலாம்.”

வீட்டுக்கு வந்த ஆளுக்குப் பலகாரம் கொடு என்று சொன்னால் எங்களால் மாட்டேன் என்று சொல்ல முடியாது. டின் மூடி இறுகியிருந்தது. நெம்பித் திறந்து தட்டில் வைத்துக்கொண்டு வந்தால், முன்னறையில் யாரும் இல்லை. வெளியே ஓடினேன். அவர்கள் பக்கத்து வீட்டு அக்காவின் வாசலில் நின்றார்கள். எங்கள் வரிசையில் சாயம் அடிக்காத ஒரே வீடு அது. அதன் பின்சுவர் வெடிப்பு அப்படியே இருந்தது. அதைப் பார்த்திருந்தால் போதும். தலைவர் கையை நீட்டித் தடுத்து, இது துக்க வீடு, உள்ளே போகக் கூடாது என்றார். அந்தப் பையன் நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்து, அடுத்த வீட்டுக்குப் போய்விட்டான்.

அவனை நான் குறை சொல்ல மாட்டேன். அவன் நம் வழக்கத்துக்கு மரியாதை கொடுத்தான். அந்த மரியாதையை வைத்தே அவனை ஏமாற்றினார்கள். துக்க வீட்டுக்குள் போகக் கூடாது என்று எங்களில் எவன் சொன்னான்? துக்கம் என்றால் போவோம். அதற்குத்தான் போவோம்.

வீடுகளில் பாதிப்பு எதுவும் இல்லை, தொடர்ந்து இறைக்கலாம் என்று அறிக்கை வந்தது. தலைவர் அதைக் கோயில் மண்டபத்தில் வாசித்தார். பம்பு ஒன்றுக்கு இரண்டாக ஆனது.

பொங்கலுக்குள் என் சமையலறையின் இளநீலம் காகிதம்போல் கிழிந்தது. அக்கா வீட்டில், துணி துவைக்கும் இடத்தில் தண்ணீர் சாக்கடைக்குப் போகாமல் நடுவில் தேங்கியது. “தண்ணிகூட இப்ப சொல் பேச்சு கேக்கல லா” என்றார் அக்கா. தரையைக் காலால் தட்டிக் காட்டினார். வெறும் டின்னைத் தட்டியதுபோல் சத்தம். பூனை அந்தப் பக்கம் போவதை நிறுத்திவிட்டது. மீன் தலையை வைத்துக் கூப்பிட்டாலும் கதவோரம் நின்று கத்தியது, வரவில்லை. அதையும் படம் எடுத்தேன். தலைவருக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டார் என்று குறி காட்டியது. பதில் இல்லை.

ஒரு காலையில் அக்கா துவைத்துக்கொண்டிருந்தார். முன்னால் ரொட்டிக்காரர் மோட்டார் சைக்கிளில் வந்து ஹாரன் அடித்தார். அக்கா ஈரக் கையோடு முன்னால் போனார். பெரிய சத்தம் எதுவும் வரவில்லை. கனமான ஆள் ஒருவர் பெருமூச்சு விட்டு உட்கார்ந்ததுபோல் ஒரு சத்தம். பிறகு தண்ணீர் பீய்ச்சும் சத்தம். நான் பின்கதவைத் திறந்தபோது அக்காவின் துவைக்கும் இடம் இல்லை. தரை, சலவை இயந்திரம், கொடிக்கம்பி, அந்தச் சுவரில் பாதி, எதுவும் இல்லை. ஒரு வட்டமான கறுப்புப் பள்ளம், அதற்குள் உடைந்த குழாயிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. விழும் தண்ணீர் அடியைத் தொடும் சத்தம் கேட்கவில்லை.

அக்கா ரொட்டியைக் கையில் பிடித்தபடி வந்து நின்றார்.

“என் துணி?” என்று கேட்டார்.

பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவரை இழுத்து முன்னறைக்குக் கொண்டுவந்தோம். நான் திரும்பிப் போய்ப் படம் எடுத்தேன். “இந்த நேரத்துலயுமா?” என்று ஒருத்தி கத்தினாள். ஆமாம், இந்த நேரத்தில்தான்.

மஞ்சள் நாடா கட்டினார்கள். அக்காவை மகன் பாரிட் புந்தாருக்குக் கூட்டிப்போனான். கிளம்பும்போது வழக்கம்போல “வாரேன்” என்றார். எங்கே வருவது?

அதற்குப் பிறகு மண்டபத்தில் கூட்டம். தலைவர் பேசினார். இது இயற்கை, ஈயம் தோண்டிய பூமி, யார் என்ன செய்ய முடியும் என்றார். முன்பு எந்த வெடிப்பும் இருந்ததில்லை என்றார். சந்தேகம் இருந்தால் அவரவர் போனில் இருக்கும் வீட்டுப் படத்தைத் திறந்து பாருங்கள் என்றார்.

எல்லோரும் போனை எடுத்தார்கள். நானும் எட்டிப் பார்த்தேன். புதுச் சட்டையில் பிள்ளைகள், பட்டுப் புடவையில் பெண்கள், பலகாரத் தட்டு. பின்னால் இளநீலச் சுவர், அதற்கு முந்திய ஆண்டு பச்சை, அதற்கு முன் ரோஸ். ஒரு கோடு இல்லை, ஒரு கறை இல்லை. எங்கள் எல்லோரிடமும் வீட்டுப் படங்கள் இருந்தன. எல்லாம் தீபாவளியன்று எடுத்தவை. சாயம் காயும் முன்பே சுவர் முன்னால் நின்று எடுத்துக்கொள்கிறோம். மற்ற நாளில் வீட்டை யார் எடுக்கிறார்கள்? தலைகள் ஆடின. ஆமாம், வெடிப்பு இல்லைதான் என்று நாங்களே சொன்னோம். வீட்டுக்குள் நின்று வெடிப்பைத் தடவிய அதே ஆட்கள், படத்தைப் பார்த்துவிட்டு இல்லை என்றார்கள்.

நான் எழுந்து என்னுடைய படங்களைக் காட்டினேன். தலைவர் சிரித்தார்.

“வேல இல்லாம வீட்டுல சும்மா எடுத்ததெல்லாம் சாட்சியாலா? அதுவும் தங்கச்சி கோணலா எடுக்கும், அது வீட்டுக்காரரே சொல்லியிருக்காரு.”

மண்டபம் சிரித்தது. அப்போதுதான் சொன்னேன், சாயம் கொடுத்ததே வெடிப்பை மறைக்கத்தான் என்று. அதற்கும் சிரித்தார். தேநீர் ஆறுகிறது, எல்லோரும் குடியுங்கள் என்று கூட்டத்தை முடித்தார். நான் வீட்டுக்குப் போய்க் குழுவைத் திறந்தால், விரல் வெடிப்பில் இருந்த அந்தப் படம் அழிக்கப்பட்டிருந்தது. மற்ற வீட்டுப் படங்கள் எல்லாம் அப்படியே இருந்தன. அந்த ஒன்று மட்டும் இல்லை.

தலைவரே, அது என் போனில் எடுத்த படம். என்னிடம் இருக்கிறது. மகளிடமும் இருக்கிறது. அக்காவின் மகனிடமும் இருக்கிறது.

பம்பைச் சில நாள் நிறுத்தினார்கள். இப்போது மறுபடியும் ஓடுகிறது, இதை எழுதும்போதும் கேட்கிறது. பாதிப்பு இல்லை என்ற அந்த அறிக்கையைத் திரும்ப வாங்கி, வீடுகளை மறுபடியும் பார்க்கும் வரை அது நிற்காது. நிற்காவிட்டால் அடுத்தது என் சமையலறை, அதற்கடுத்தது அந்தப் பக்கத்து வீடு, அங்கே தொட்டிலில் ஒரு குழந்தை இருக்கிறது. நாங்கள் முன்னறையில்தான் படுக்கிறோம். பின்கதவு இப்போது மூடுவதில்லை. கதவை இழைத்து இழைத்துப் பார்த்துவிட்டு என் கணவர் விட்டுவிட்டார். அவர் இப்போது கிண்டல் செய்வதும் இல்லை. வேலை முடிந்து வந்ததும் சைக்கிளை நிறுத்துவதற்கு முன்பே கேட்கிறார், “இன்னைக்கு எடுத்தியா?”

எடுத்தேன். தினமும் எடுக்கிறேன். விளக்கை, கதவை, பள்ளத்தின் விளிம்பை. விளிம்பு நேற்று இருந்த இடத்தில் இன்று இல்லை.

படிப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். உங்கள் வீட்டைச் சும்மா ஒரு செவ்வாய்க்கிழமை படம் எடுங்கள். கூட்டாமல், அடுக்காமல், தலை வாராமல். அடுப்படியை எடுங்கள், சாக்கடையை எடுங்கள், மாவு பிசையும் கையை எடுங்கள். மனசு லேசாகும், கோபம் குறையும், கண் திறக்கும். இதெல்லாம் எனக்கு நடந்தது. கோபம் மட்டும் திரும்ப வந்துவிட்டது, அதற்குப் படம் எடுப்பது காரணமில்லை.

தலைவரே, கோயில் ஆண்டுக் கூட்டம் வருகிறது. பூசை முடிந்ததும் மைக்கை உங்கள் கையில் கொடுப்பார்கள். அன்றைக்கு நான் அந்தப் படத்தை வெள்ளைத் துணியில் பெரிதாகக் காட்டப்போகிறேன், உங்கள் முகம் நன்றாகத் தெரியும். அக்கா பாரிட் புந்தாரிலிருந்து வருகிறார். முன்வரிசையில் உட்காருவார். என் வீட்டுக்கு வந்து பேசாதீர்கள், போனில் கூப்பிடாதீர்கள், ஆள் அனுப்பாதீர்கள். அந்த மைக்கில், எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள். உங்கள் விரல் அந்த வெடிப்புக்குள் போனதா இல்லையா? அந்தச் சாயத்தை வாங்கியது நீங்களா, குட்டையை வாங்கியவர்களா? பொறியாளர் தீபாவளிக்கு முன் வராமல் பின் வர நாள் குறித்தது யார்? அக்கா வீட்டு வாசலில் அந்தப் பையனை ஏன் தடுத்தீர்கள்?

அக்காவைப் பார்த்துப் பதில் சொல்லுங்கள்.